மிஷனெரிகளின் முதுமைக் காலம்: தங்கினவர்களும் திரும்பினவர்களும்

தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றை எழுதுவோர், மிஷனெரிகள் வந்திறங்கிய நாளைத் தவறாது குறிப்பர். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததும், 1838இல் கால்டுவெல் சென்னையில் இறங்கியதும் நம் சபைகளில் சிறுவரும் அறிந்த செய்திகளாகும். ஆயின், பணி முடிந்தபின் அவர்கள் எங்கு வாழ்ந்தனர், அவ்வாறு வாழ எவ்வாட்சியின் இசைவு அவர்களுக்கிருந்தது என்னும் வினாக்களை நாம் அதிகம் எழுப்பியதில்லை. அன்னிய நாட்டில் முதுமையடைதல் என்பது அன்பினால் மட்டும் தீர்மானிக்கப்படும் காரியமன்று. கொடியும் சட்டமும் அதில் பங்குபெறுகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஓய்வு என்னும் கருத்துக்கே இடமில்லை. பிரஷியரான சுவார்ட்ஸ் ஐயர் 1750இல் வந்து, ஒருமுறையேனும் தாயகம் செல்லாமல், 1798இல் தஞ்சையில் காலமானார். கடற்பயணமே பல மாதங்கள் பிடித்த காலத்தில் திரும்புவதை எண்ணியவர் சிலரே.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. இதனைக் கால்டுவெல், போப் ஆகிய இருவரின் இறுதிக் காலத்தில் தெளிவாகக் காணலாம். ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்த இவ்விருவரும் தமிழுக்குச் செய்த தொண்டினால் ஒருங்கே எண்ணப்படுகின்றனர். ஆயினும் அவர்கள் முதுமை நேர் எதிரான திசைகளில் சென்றது.

கால்டுவெல் 1841இல் இடையன்குடியில் குடியேறினார். அவர் துணைவியார் எலைசா அம்மையார், நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட் ஐயரின் மகள். ஆகவே அவ்வில்லத்துக்குத் தென்திருவிதாங்கூரிலும் திருநெல்வேலியிலும் உறவின் வேர் இருந்தது. 1877இல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற அவர், 1891 சனவரியில் பதவி துறந்து கொடைக்கானலில் தங்கினார். அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்கள் 1845இல் நோய்க்கும் வெயிலுக்கும் ஒதுங்க வீடு கட்டிக்கொண்ட மலை அது. அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் உடல் மலையினின்று இறக்கப்பட்டு, இடையன்குடியில் அவரே பல்லாண்டு பாடுபட்டுக் கட்டி 1880இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்தில் அடக்கம்பண்ணப்பட்டது. ஓய்வு என்று அவர் அனுபவித்தது ஏழு மாதமே.

இதனை நாம் பெரும் தியாகமாகப் பிரசங்கிப்பதுண்டு. அன்பு அதில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பிரிட்டிஷ் குடிமகனான அவர் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் தங்குவதற்கு எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

போப் ஐயரோ சாயர்புரம், தஞ்சை, உதகை, பெங்களூர் எனப் பல இடங்களில் உழைத்தபின் 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பினார். 1884இல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கலானார். அவர் பெயரை நிலைநாட்டிய மொழிபெயர்ப்புகள் யாவும் திரும்பியபின் வெளிவந்தவை: திருக்குறள் 1886இல், நாலடியார் 1893இல், திருவாசகம் 1900இல், அதாவது எண்பது வயதில். தமிழ்நாட்டை விட்டகன்றதனாலேயே தமிழுக்கு அவர் இவ்வளவு செய்ய இயன்றது எனலாம். அவர் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறித்திருப்பதாக நம் மேடைகளில் சொல்லப்படுவது கதையே. ஆக்ஸ்போர்டிலுள்ள கல்லில் இருப்பது வேறு. ஆயினும் அதனினும் குறைந்ததன்று. அது அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று குறிக்கிறது. குடும்பத்தாரோடு தென்னிந்தியத் தமிழ் நண்பரும் சேர்ந்து அக்கல்லை நாட்டினர் என்றும் கூறுகிறது. 1908இல் தாயகத்தில் மடிந்தவர் அங்கே அயலூராராகவே குறிக்கப்பட்டார்.

கொடியின் வலிமையை லைப்சிக் மிஷன் ஊழியர்கள் அனுபவித்தறிந்தனர். 1914இல் போர் மூண்டதும் ஜெர்மானியர் பகை நாட்டாராயினர். பலர் அகமத்நகர் முகாமில் காவலில் வைக்கப்பட்டனர். 1915இலும் 1916இலும் கோல்கொண்டா என்னும் கப்பலில் பலரும் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். இங்கேயே நரைக்க ஒருவர் விரும்பியிருப்பினும் வழியில்லை. சுவீடன் நாட்டு மிஷனெரிகள் பணியை ஏற்றனர். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. சுவார்ட்ஸுக்குத் தடையாயிராத பிறப்பிடம் நூறாண்டு சென்றபின் இவர்களுக்குக் குற்றமாயிற்று.

1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டமும், 1947இன் விடுதலையும், 1955இன் குடியுரிமைச் சட்டமும் வந்தபின், வெள்ளையர் எவருக்கும் இந்நாடு விருந்தினர் இல்லமாயிற்று. பொதுநலநாட்டு அமைப்பைச் சேர்ந்த பிரிட்டிஷாருக்கு விசா இன்றி வரும் சலுகை 1984 வரை நீடித்தது. அமெரிக்கருக்கு அதுவும் இல்லை. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்கராகவே வாழ்ந்து, ஓய்வுக்குப்பின் கொடைக்கானலில் தங்கி, 1960இல் அங்கே மரித்தார். 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஒருமுறையும் விடுமுறையில் தாயகம் செல்லவில்லை. 1931இல் விழுந்து காயமுற்றபின் ஏறக்குறைய இருபதாண்டுகள் டோனாவூரில் பெரும்பாலும் படுக்கையிலிருந்தே நூல்கள் எழுதி, குடியரசு பிறந்த மறு ஆண்டாகிய 1951இல் காலமானார். தம் கல்லறைமேல் கல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் பறவைகள் நீரருந்தும் தொட்டியொன்றை வைத்தனர்.

தங்குவதே மேலான அன்பு என்று இவற்றிலிருந்து முடிவு செய்வது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. முதிய மிஷனெரி அடுத்த வீட்டில் இருக்கும்போது, இந்தியத் தலைவர் தம் நாற்காலியில் முழுதாய் அமர்வது அரிது.

இதனை லெஸ்லி நியூபிகின் அறிந்திருந்தார் என்று தோன்றுகிறது. 1936இல் வந்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் அத்தியட்சர்களுள் ஒருவரான அவர், சென்னைப் பேராயராக இருந்து 1974இல் ஓய்வுபெற்றார். சுந்தர் கிளார்க் அவருக்குப்பின் பொறுப்பேற்றார். நியூபிகினும் துணைவியார் ஹெலனும் இரண்டு பெட்டிகளும் ஒரு முதுகுப்பையுமாக, ஆங்காங்கு கிடைத்த பேருந்துகளில் ஏறி, தரைவழியாகவே இங்கிலாந்து சென்றனர். ஞாயிறுதோறும் வழியிலிருந்த கிறிஸ்தவர்களோடு ஆராதித்தனர். ஆயின், பசிலியும் இரு கிரகோரிகளும் இறையியல் வளர்த்த கப்பதோக்கியாவில் ஆராதனைக்கு உடன்வர ஒரு கிறிஸ்தவரும் கிடைக்காததால், இருவரும் தனியே ஆராதித்தனர்.

பர்மிங்காமில் செல்லி ஓக் கல்லூரிகளில் ஐந்தாண்டு கற்பித்தபின், எழுபது வயதில் அந்நகரின் வின்சன் கிரீன் பகுதியில், சிறைச்சாலையின் மதிலுக்கு எதிரிலிருந்த ஒரு சிறு சபையை ஏற்றார். மூடப்படவிருந்த சபை அது. வீடு வீடாகச் சென்ற அவர், இங்குள்ள பணி இந்தியாவில் தாம் கண்ட எதனினும் கடினம் என்றும், எதிர்ப்பைத் தாங்கிக்கொள்ளலாம், அலட்சியத்தைத் தாங்குவதே அரிது என்றும் பொருள்பட எழுதினார்.