படகின் பின்னே ஒரு பொறி



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. மீனவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில், மண்ணெண்ணெய் நெடிக்கு நடுவே நான் கற்ற வரலாற்றுப் பாடம் ஒன்றை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

ஓய்வு பெற்றபின் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து வருகின்றேன். என் அண்டை வீட்டார், 1980களில் தம் தந்தையார் வாங்கிய படகுப் பொறி ஒன்றை மீண்டும் இயங்கச் செய்ய விரும்பினார். வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டி ஓட்டும் 'டூ ஸ்ட்ரோக்' பொறி அது. பல்லாண்டு மூலையில் கிடந்ததால் பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. அதனைச் சீர்செய்ய வந்த மெக்கானிக்கைக் கண்டதும் நான் நாணினேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தவறிப் பள்ளியை விட்டுச் சென்ற என் மாணவர் அவர். "உனக்குப் படிப்பு ஏறாது" என்று அன்று கூறியவன் நானே.

படகின் வெளிப்புறத்தில் பொறியை மாட்டும் எண்ணம் பழையது. பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் துரூவே என்பார் 1881-இல் மின்விசையால் இயங்கும் பொறி ஒன்றைப் படகில் பொருத்திப் பாரிசு நகரின் சேன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். எனினும் இதனை எளிய மக்களின் கருவியாக்கியவர்களுள் முதன்மையானவர் ஓலே எவின்ரூட். 1877-இல் நார்வேயில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு; பட்டறைகளே அவருக்குக் கல்லூரி. ஒரு கோடை நாளில், தாம் மணக்கவிருந்த பெஸ் என்னும் பெண்மணி விரும்பிய ஐஸ்கிரீமை வாங்க ஏரியில் துடுப்பு வலித்துச் சென்றார் என்றும், திரும்புவதற்குள் அது உருகிவிட்டதென்றும், அந்த வருத்தத்தில் பிறந்ததே அவரது பொறி என்றும் சொல்வதுண்டு. 1909-இல் விற்பனைக்கு வந்த அப்பொறி 62 பவுண்டு எடையும் 1½ குதிரைத்திறனும் கொண்டது. விளம்பரங்களை எழுதியவர் பெஸ் அம்மையாரே. 1921-இல் எவின்ரூட் அலுமினியத்தைப் பயன்படுத்தி மேலும் இலேசான பொறியை உருவாக்கினார்.

இனித் திண்ணைக்கு வருவோம். மண்ணெண்ணெயில் ஊறவைத்ததும் பிஸ்டன் இளகியது. புகை வெளியேறும் துளைகளில் படிந்திருந்த கரியைச் சுரண்டினார், கார்புரேட்டரைக் கழுவினார், உப்புப் பூத்த மின்தொடர்புகளைத் தேய்த்தார். தீப்பொறி நன்றாக வந்தது. ஆயினும் பொறி இருமுறை இருமிவிட்டு அடங்கிவிட்டது. கார்புரேட்டரை மீண்டும் பார்க்குமாறு நான் கூறினேன். அவரோ துளைகளை அடைத்து, சைக்கிள் பம்பினால் உள்ளே மெல்லக் காற்றேற்றி, கிராங்கு தண்டின் முனைகளில் சோப்பு நுரையைத் தடவினார். ஒரு முனையில் குமிழிகள் கிளம்பின. "இங்கே மூச்சு கசிகிறது, சார்" என்றார்.

அக்கணமே எனக்கு விளங்கியது. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே 1891-இல் காப்புரிமை பெற்ற முறை இதுவன்றோ! பிஸ்டன் மேலேறும்போது எரிபொருட் கலவை அடியிலுள்ள கிராங்கு அறைக்குள் இழுக்கப்படுகிறது; கீழிறங்கும்போது அங்கே அமுக்கப்பட்டு, சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. ஆதலின் அவ்வறை சிறிதும் கசியலாகாது. இதனை நான் ஏட்டில் படித்தவன். ஆனால் இறுகிப்போன ஒரு ரப்பர் வளையத்தை ஐயுற எனக்குத் தெரியவில்லை.

புதிய வளையங்களையும், குளிர்நீர் ஏற்றும் ரப்பர்ச் சக்கரத்தையும் மாட்டி, நீர் நிறைந்த பீப்பாயில் பொறியை நிறுத்தினார். "அன்று நான் கூறியது தவறு, தம்பி" என்றேன். அவர் ஒன்றும் கூறாமல், கையைத் துடைத்துக்கொண்டு, கயிற்றை என்னிடம் நீட்டினார். மூன்றாம் இழுப்பில் பொறி உயிர்பெற்றது.

எரியாத எண்ணெயை நீரிலும் காற்றிலும் கலப்பதால் இவ்வகைப் பழைய பொறிகள் பல நாடுகளில் விலக்கப்பட்டு வருகின்றன. எவின்ரூட் பெயர் தாங்கிய பொறிகளின் உற்பத்தியும் 2020-இல் நிறுத்தப்பட்டது. பொறிகள் மறையலாம். மாணவர்களே, எந்தக் கருவியைக் கண்டாலும் அது யாருடைய கைவலியைத் தீர்க்கப் பிறந்தது என்று கேளுங்கள். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரிடம் பணிந்து கற்றுக்கொள்ளுங்கள். நான் காலந்தாழ்ந்து கற்றேன். நீங்கள் இன்றே கற்கலாம்.