புது டீசல் பிக்கப் வாங்கியாச்சா? ஊருக்குள்ளேயே ஓட்டினால் எரியும் அந்த மஞ்சள் விளக்கு... என்ன செய்ய வேண்டும்?

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி 14 கி.மீ. கிரிவலப் பாதை. அந்தப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயில் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் பழக்கமான பெயர். இந்த ஊரில் ஒரு பிக்கப் வண்டிக்குக் கிடைக்கும் ஓட்டம் பெரும்பாலும் கிட்டக் கிட்டத்தான். காலையில் பூவும் காய்கறியும் ஏற்றி டவுனுக்குப் போக வேண்டும். திரும்பும்போது தண்ணீர் கேன், சிமெண்ட் மூட்டை. பௌர்ணமி வந்தால் அன்னதானத்துக்கு அரிசியும் அண்டாவும். ஒரு பக்கம் பத்து கி.மீ. தாண்டுவதே அபூர்வம்.

'இந்த ஓட்டத்துக்கு வண்டி எங்க கெடப் போகுது?' என்றுதான் யாருக்கும் தோன்றும். பழைய வண்டிக்கு அது சரி. 2020ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிக்கு இந்தக் குட்டி ஓட்டம்தான் எதிரி. வாங்கிய சில மாதங்களில் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் வண்டி இழுக்காது. கடைசியில் ஷோரூம் வாசலில் நிற்கும். மாதத் தவணை மட்டும் நிற்காது.

அப்படி என்ன மாறிவிட்டது?

2005இல் டாடா ஏஸ் வந்து, 'குட்டி யானை' என்று பெயர் வாங்கியது. 2011இல் ஓசூரில் இருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. இன்னொரு பக்கம் பொலேரோ பிக்கப். ஊர்ப்பக்கம் லோடு ஓட்டுபவர்கள் பலர் தொழில் பழகியது இந்த வண்டிகளில்தான். புகை கக்கினாலும் ஓடும், டீசல் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் ஓடும்.

2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்4 வந்தது. பிஎஸ்5 என்ற படியைத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 கட்டாயம் ஆனது. பங்கில் விற்கும் டீசலும் மாறியது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம் என்ற வரம்பு 10 பங்காகக் குறைந்தது. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தபோது, ஆய்வகத்தில் மட்டும் இல்லாமல் ரோட்டில் ஓடும்போதும் புகை அளவுக்குள் இருக்க வேண்டும் என்றானது.

இதற்காக சைலன்சர் வரிசையில் சேர்க்கப்பட்டதுதான் டிபிஎஃப். டீசல் புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. செராமிக்கில் தேன்கூடு மாதிரி நுண்ணிய ஓட்டைகளோடு இருக்கும். டீ வடிகட்டியில் தூள் சேர்வது போல இதில் கரி சேரும். டீ வடிகட்டியைத் தட்டிக் கொட்டலாம். இதைக் கொட்ட முடியாது, உள்ளேயே எரிக்க வேண்டும். அந்த எரிப்புக்குப் பெயர் ரீஜெனரேஷன். ஷெட்டுகளில் சுருக்கமாக 'ரீஜென்'.

கரி எப்போது எரியும்?

இரண்டு வழி. ஹைவேயில் லோடோடு சீராகப் போகும்போது புகைப் பாதை நன்றாகச் சூடேறி, சேர்ந்த கரி தானாகவே மெல்லக் கரையும். டிரைவருக்குத் தெரியவே தெரியாது. அந்த வாய்ப்பு கிடைக்காமல் கரி ஒரு அளவைத் தாண்டினால், இன்ஜின் கம்ப்யூட்டர் தானே வேலையில் இறங்கும். கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டை சுமார் 600 டிகிரிக்குக் கொண்டுபோகும். முடிய 10 முதல் 20 நிமிடம் ஆகலாம்.

சிக்கல் இங்கேதான். அடி அண்ணாமலையில் கிளம்பிய வண்டி சூடேறி, ரீஜென் தொடங்கும் நேரத்தில் டவுன் வந்துவிடும். கடை வாசலில் நிறுத்தி சாவியைத் திருப்பியதும் எரிப்பு பாதியில் நிற்கும். மறுநாளும் அதே கதை. கரி ஏறிக்கொண்டே போகும்.

இதில் வெளியே தெரியாத இன்னொரு கேடும் உண்டு. பாதியில் நின்ற ஒவ்வொரு எரிப்பிலும், பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் அளவு குறையாமல், மேல் கோட்டைத் தாண்டிக் கூடியிருக்கும். 'ஆயிலே குடிக்கல, சூப்பர் வண்டி' என்று சந்தோஷப்பட வேண்டாம். அது டீசல் கலந்து நீர்த்துப் போன ஆயில். அதில் ஓட்டினால் பேரிங்கும் டர்போவும் தேயும். மற்ற எதை மறந்தாலும் வாரம் ஒரு முறை, காலையில் வண்டி எடுக்கும் முன், சமதளத்தில் நிறுத்தி ஆயில் கம்பியைப் பார்ப்பது நல்லது.

விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

பல வண்டிகளில் டிபிஎஃப் விளக்கு ஒரு பெட்டி, அதன் இருபுறமும் குழாய், உள்ளே புள்ளிகள் என்று இருக்கும். மஞ்சளாக நிலையாக எரிகிறது, வேறு எந்த விளக்கும் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். வண்டியை நிறுத்தாமல், காலியான ரோடு பார்த்து 20, 30 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். டாப் கியரில் உருட்டாமல் ஒரு கியர் குறைத்து, இன்ஜின் சுற்று 2,000க்கு மேல் இருக்கும்படி ஓட்டினால் சூடு சீக்கிரம் ஏறும். அடி அண்ணாமலைக்காரர்களுக்கு செங்கம் ரோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செங்கம் வரை போய்த் திரும்பினால் தாராளம். வாரத்துக்கு ஒரு வெளியூர் லோடு கிடைத்தால், இதற்கென்று தனியாக டீசல் செலவழிக்கவே தேவையில்லை.

சில மாடல்களில் வண்டியை நிறுத்தி வைத்தே ரீஜென் செய்ய டேஷ்போர்டில் பட்டன் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, கூடவே இன்ஜின் விளக்கும் எரிந்து வண்டி இழுக்காமல் போனாலோ, ஓட்டிச் சரி செய்யும் கட்டம் முடிந்தது. சர்வீஸ் சென்டர்தான். அங்கே கம்ப்யூட்டரை மாட்டி எரித்துவிடுவார்கள். அதுவும் கடந்து வடிகட்டியையே மாற்றும் நிலை வந்தால், பில் மாதத் தவணையைப் போலப் பல மடங்கு இருக்கும்.

பௌர்ணமி வாரம் தனியாகச் சொல்ல வேண்டியது. அந்த நாளில் கிரிவலப் பாதையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும் என்பதால் முன்கூட்டியே லோடு அடிப்பார்கள். கூட்டத்துக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்து, கடைக்குக் கடை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டே இறக்குவார்கள். கரி வேகமாகச் சேர்வது இப்படி ஓட்டும்போதுதான். இறக்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு, பௌர்ணமி முடிந்த மறுநாள் ஒரு நீள ஓட்டம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொரு எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல்லையும் வைக்கோலையும் பரப்பி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். ரீஜென் நடக்கும்போது வண்டிக்கு அடியில் அவ்வளவு சூடு இருக்கும். ஃபேன் சத்தம் கூடுதலாகக் கேட்டாலோ, சூட்டு வாடை அடித்தாலோ வைக்கோல் மேல், காய்ந்த புல் மேல் நிறுத்தக் கூடாது.

'கழட்டிப் போட்டா தொல்லையே இல்ல'

வெளி ஷெட்டுகளில் கிடைக்கும் யோசனை இது. வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றி விளக்கை அணைத்துவிடலாம் என்பார்கள். வண்டி ஓடும். ஆனால் வாரண்டி போய்விடும். புகை விதியை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம் வரை போகலாம். லைசென்ஸ் இல்லாத மூன்று மாதம் லோடு வண்டிக்காரருக்கு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயிலில் மிச்சம் பிடிப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். பிஎஸ்6 டீசலுக்கு சாம்பல் குறைவாக விடும் ஆயில் தனியாக உண்டு. கரியை எரிக்கலாம், ஆயில் விடும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டிக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும். பழைய டிராக்டருக்கு வாங்கி வைத்த ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றினால், மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு வடிகட்டியின் ஆயுள் போகும். கையேட்டில் உள்ள கிரேடும் டப்பாவில் உள்ள கிரேடும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

நீல மூடி டேங்க் இருக்கிறதா?

சில மாடல்களில் டீசல் டேங்க் தவிர நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது டிஇஎஃப். கடைகளில் 'ஆட்ப்ளூ' என்று கேட்டாலும் கிடைக்கும். 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை உடைப்பது இதன் வேலை.

யூரியா என்றதும், 'அதான் வீட்ல மூட்டை இருக்கே' என்று தோன்றுவது விவசாயி வீட்டில் இயல்பு. வயலுக்குப் போடும் 45 கிலோ மூட்டை யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கும், வேறு கசடுகளும் இருக்கும். போர் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் உப்பும் சேர்ந்து நாசில் அடைத்துக்கொள்ளும், பின்னால் உள்ள கேட்டலிஸ்ட் பாழாகும். ஐஎஸ்ஓ 22241 என்று அச்சிட்ட கேன் மட்டும் வாங்க வேண்டும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் கெடும் என்பதால் தகரக் கொட்டகை வேண்டாம். அவசரத்தில் இதை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் மெக்கானிக்கை வரச் சொல்ல வேண்டும். தவறு பம்ப் வரை போகாமல் டேங்கோடு முடியும்.

எத்தனை மூட்டை ஏற்றலாம்?

1.3 டன் பிக்கப்பில் 75 கிலோ நெல் மூட்டை 17 ஏற்றினால் 1,275 கிலோ. கணக்கு அங்கேயே முடிகிறது. 30 மூட்டை என்றால் 2,250 கிலோ. 'எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்கேன், தாங்கும்' என்பது வண்டி சாயாமல் நிற்பதற்கான பதில்தான். பிரேக்கும் டயரும் கிளட்ச்சும் அதே பழைய அளவுதான். ஆர்.சி.யில் உள்ள எடையும் மாறாது. பிடிபட்டால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய். அதிக லோடை அங்கேயே இறக்கவும் வேண்டும்.

பின்னால் ஆட்களை ஏற்றுவது அதைவிட ஆபத்து. காதுகுத்துக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் சொந்தக்காரர்கள் கேட்டால் மறுப்பது கஷ்டம்தான். ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவர்களுக்கு இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. அடிபட்டவர்களுக்கான இழப்பீடு ஓனர் தலையில் வரும்.

ஜமுனாமரத்தூர் பக்கம் பலா, புளி, சாமை ஏற்றப் போகிறவர்கள் ஜவ்வாது மலை இறக்கத்தில் நியூட்ரலில் இறக்கும் பழக்கத்தை விட வேண்டும். புது இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் பீய்ச்சுவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும். இன்ஜின் பிடிப்பும் இல்லாமல் பிரேக் மட்டும் காய்ந்துபோகும்.

டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை மழைக்காலத்தில் அடிக்கடி வடிக்க வேண்டும். இன்ஜெக்டருக்குள் ஒரு சொட்டு போனாலும் செலவுதான். ஆயுத பூஜைக்கு முன்பக்கம் வாழைக்கன்றும் மாலையும் கட்டலாம், தப்பில்லை. அப்படியே ரேடியேட்டரை மூடிக்கொண்டு இரண்டு நாள் லோடு ஓட்டுவதுதான் தப்பு.

பேப்பர்கள்

புது வண்டிக்கு முதல் இரண்டு வருடம் எஃப்.சி. தேவையில்லை. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம். ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டியதில்லை. தாண்டினால் வேண்டும். சில பிக்கப்கள் தாண்டும் என்பதால் வாங்கும்போதே கேட்டுவிடலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு சாதாரண எல்எம்வி லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பு சொல்லிவிட்டது. 'டீசல் வண்டி பத்து வருஷம்தானாமே' என்பது டெல்லி சுற்றுவட்டார விவகாரம், தமிழ்நாட்டில் அப்படி விதி இல்லை.

இன்னும் வாங்காதவர்களுக்கு

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. விலை குறைந்ததே என்று ஓடுவதற்கு முன், ஒரு மாதம் எங்கெங்கே ஓட்டம், ஒரு நடை எத்தனை கி.மீ. என்று நோட்டில் எழுதிப் பார்க்கலாம். வாரத்தில் இரண்டு நாளாவது செங்கம், போளூர், ஆரணி பக்கம் லோடு இருக்கிறது என்றால் டீசல் சரியான தேர்வு. நாள் முழுக்க அடி அண்ணாமலைக்கும் டவுன் மார்க்கெட்டுக்கும் நடுவே மட்டும்தான் என்றால், டிபிஎஃப் தொல்லையே இல்லாத சிஎன்ஜி அல்லது பேட்டரி லோடு வண்டியையும் ஷோரூமில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.