கூர் நிற்கும் கத்தி



நம் சிகாமட் தோட்டங்களில் பால்மரம் சீவிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "சீவுற கத்திக்குக் கூர் நிக்கணும், காடு வெட்டுற பாராங்கு கல்லுல பட்டாலும் உடையக்கூடாது" என்பார்கள். இரண்டுக்கும் ஒரே எஃகு ஏன் ஒத்துவராது? இரும்பில் கரிச்சத்து கூடினால் கடினம் கூடும், கூர் நிற்கும். ஆனால் எளிதில் உடையும். குறைந்தால் அடி தாங்கும், சீக்கிரம் மழுங்கும்.

இந்தச் சூட்சுமம் நம் முன்னோருக்குக் கைவந்த கலை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்பு உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. சேலம் வட்டாரக் கொல்லர்கள் இரும்பையும் ஆவாரங்குச்சியையும் மண்மூசையில் அடைத்து உருக்கினார்கள். அந்த உருக்கில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை கரிச்சத்து. ஐரோப்பியர் அதை 'ஊட்ஸ்' என்றார்கள்.

லண்டனில் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதைப் போற்றினார். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1819இல் ஆராய்ந்தார். ஆனால் அங்குள்ள கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி அதிகச் சூட்டில் அடித்தபோது அது நொறுங்கியது! குறைந்த சூட்டில், பொறுமையாக அடிக்க வேண்டும். அந்தப் பக்குவம் நம் கொல்லரின் கையில் இருந்தது.

1856இல் பெஸ்ஸெமர் முறை வந்தது. மலிவான எஃகு பெருகியது. நம் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏட்டில் ஏறாத பக்குவம் கொல்லரோடே போய்விட்டது.

மாணவர்களே! இன்று வீட்டுக்குப் போனதும், கத்தியை எப்படித் தீட்டினீர்கள் என்று தாத்தாவிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எழுதாமல் ஒருமுறை இழந்தது போதாதா?