திருத்தப்பட்ட வயது: மூதூர் ரிசானா நபீக் வழக்கும் அடையாளத் திருட்டும்

அடையாளத் திருட்டு என்றதும் வங்கிக் கணக்கும் கைபேசியும்தான் பேச்சில் வருகின்றன. முகம் தெரியாத ஒருவர் நம் பெயரில் பணம் எடுப்பார், கடவுச்சொல்லைக் காத்துக்கொள்ளுங்கள் என்பதோடு அறிவுரையும் முடிந்துவிடுகிறது. இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் வழக்கை முன்வைத்துப் பார்த்தால் இந்த வரையறை போதாது. அங்கே களவு போனது வயது.

பிறப்புச் சான்றிதழின்படி ரிசானா 1988 பெப்ரவரி 4ஆம் திகதி பிறந்தவர். 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றபோது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டிலோ பிறந்த ஆண்டு 1982 என்றிருந்தது. வேலைக்கு அனுப்ப வயது போதாததால் முகவர்கள் செய்த வேலை அது. அதே மாதம் 22ஆம் திகதி அவர் பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றார் அவர். கொலை என்று வழக்குத் தொடரப்பட்டது. 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 18 வயதுக்குமுன் செய்த குற்றத்துக்கு அத்தண்டனையைத் தடுக்கும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் சவூதி 1996இலேயே இணைந்திருந்தது. ஆனால் கடவுச்சீட்டின் வயதே அவர் வயதாகக் கொள்ளப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆவணத்தைப் பொய்யாக்கிய முகவர்கள் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் விதித்தது இரண்டு ஆண்டுச் சிறை.

வழக்கமான திருட்டில் பறிகொடுத்தவர் பொலிஸில் முறையிடலாம். இங்கே பொய்யான ஆவணத்தைச் சுமந்து சென்றவரே பறிகொடுத்தவர். உண்மையைச் சொன்னால் தானும் மோசடிக்கு உடந்தை என்றாகிவிடும் அச்சம் பதினேழு வயதுப் பெண்ணின் வாயைக் கட்டிவிடும். ஆகவே தற்காப்பை அவர் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி.

மூதூரின் நிலைமை இதை இன்னும் கடுமையாக்குகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் 2006 ஓகஸ்ட் சண்டையும் மக்களை வீட்டைவிட்டு ஓடவைத்தன. தாள்களை இழந்த ஊரில், தாள் செய்து தருகிறேன் என்பவருக்குச் செல்வாக்கு வளரும். சான்றிதழ் தொலைந்தாலும் பிறப்புப் பதிவு அரச ஏட்டில் இருக்கும், அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம் என்ற அறிவே அந்தச் செல்வாக்கை உடைக்கும். மூல ஆவணங்களை உப முகவரிடம் விட்டுவைக்கக் கூடாது. அடையாள அட்டையின் படத்தைக் கேட்டவருக்கெல்லாம் அனுப்புவதும் ஆபத்து: அந்த இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும் அவ்வாண்டின் நாளும் இருக்கின்றன, பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடம் செல்ல வேண்டும். நம் பெயரில் யாரேனும் கடன் எடுத்தார்களா என்பதைக் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை காட்டும்.

இவை தேவைதான். ஆனால் ரிசானாவை இவற்றில் எதுவும் காப்பாற்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அவர் மரணத்துக்குப்பின் சவூதி செல்லும் பணிப்பெண்களின் குறைந்தபட்ச வயதை இலங்கை அரசு 25 ஆக்கியது. வயதைச் சரிபார்க்கும் முறை இறுகாமல் எல்லையை மட்டும் உயர்த்தினால், முகவர் கூட்டிப் போடவேண்டிய ஆண்டுகள்தான் அதிகரிக்கும். கடவுச்சீட்டின் திகதியை முகவர் தரும் பிரதியோடு ஒப்பிடாமல் பிறப்புப் பதிவேட்டோடு நேரடியாக ஒப்பிடும் கடமை பயணத்துக்கு அனுமதி தரும் அலுவலகத்தினுடையது. வெளிநாட்டில் ஒருவர் கைதானால் அதே பதிவின் சான்றுபடுத்திய பிரதியை முதல் விசாரணைக்குமுன் சமர்ப்பிக்கும் கடமை தூதரகத்தினுடையது. இவ்விரண்டையும் சட்டத்தில் எழுத வேண்டும்.