டிக்... டிக்... டிக்...

கமல் படம் பற்றி அல்ல. 1950-களில் தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் வீட்டு கார் ஷெட்டில் இந்தச் சத்தம் கேட்டால், 'ஐயா கிளம்பிட்டார்' என்று அர்த்தம். மாரிஸ் மைனரில் சாவியைத் திருப்பியதும் படபடவென்று ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் மெதுவாகி, தானே நின்றுவிடும். அப்புறம்தான் ஸ்டார்ட்டர். சத்தம் போடுவது எலெக்ட்ரிக் ஃப்யூவல் பம்ப்.

1948-ல் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமான வண்டி இது. வடிவமைத்தவர், பிற்பாடு 'மினி' காரைத் தந்த அலெக் இஸிகோனிஸ். இங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதையே 'பேபி ஹிந்துஸ்தான்' என்று பெயர் சூட்டி விற்றது.

அதில் இருந்த பம்ப்பின் பெயர் எஸ்.யூ. அதாவது ஸ்கின்னர் யூனியன். ஸ்கின்னர்கள் யார் தெரியுமா? லண்டனில் செருப்பு வியாபாரம் செய்த குடும்பம்! அந்த வீட்டுப் பிள்ளை ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் முதலில் செய்த கார்புரேட்டரில், காற்றுக்கேற்ப ஏறி இறங்கும் துருத்தியே தோலில் தைத்ததுதான். 1926-ல் அந்தக் கம்பெனியை வில்லியம் மாரிஸ் வாங்கினார். எலெக்ட்ரிக் பம்ப் வந்தது அதற்குப் பிறகு.

உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கரண்ட் வந்தால் காந்தம் டயாஃப்ரத்தை இழுக்கும், பெட்ரோல் உள்ளே வரும். இழுத்து முடித்ததும் இரண்டு பாயின்ட்கள் விலகி கரண்ட் அறுபடும். ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் திருப்பித் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். பாயின்ட்கள் மறுபடி சேரும். ஒரு சுற்றுக்கு ஒரு 'டிக்'. கார்புரேட்டர் நிரம்பிவிட்டால் தள்ள இடமில்லை, பம்ப் மௌனம்.

ஆக, பழைய மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் காதைத்தான் திறப்பார். நிற்காமல் வேகவேகமாக அடித்தால் டேங்க் காலி, இல்லையென்றால் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லையா? கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றிப் பார்ப்பார். இப்போது அடித்தால் பம்ப் நிரபராதி, கார்புரேட்டர் ஊசி சிக்கியிருக்கிறது. அப்போதும் அடிக்கவில்லை என்றால்தான் கரண்ட் பக்கம் போவார்: ஒயர், எர்த், கடைசியாகக் கறுப்பு மூடிக்குள் இருக்கும் பாயின்ட்.

ஆனால் ஊரில் பிரபலமானது வேறு வைத்தியம். ஸ்பானரால் பம்ப் தலையில் 'டொக்' என்று ஒரு தட்டு! கருகிய பாயின்ட் உதறிக்கொண்டு வழிக்கு வரும், வண்டி கிளம்பும். டிரைவர் கெட்டிக்காரர் ஆகிவிடுவார். அடுத்த கிராசிங்கில் மறுபடி நிற்கும். உதிரிபாகம் குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில் இதைக் குறை சொல்லவும் முடியாது. கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் பாயின்ட்களுக்கு நடுவே ஒரு கெட்டிக் காகிதத்தைக் கொடுத்து உருவினார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை போதும். பம்ப்பையே பிரித்தால்தான் ஆபத்து. உள்ளே பொடிப் பொடியாகப் பதினோரு பித்தளை ரோலர்கள் உண்டு. நழுவினால் ஷெட் முழுக்கத் தவழ்ந்து தேட வேண்டியதுதான்.

1970-ல் நில உச்சவரம்பு 30-லிருந்து 15 ஸ்டாண்டர்ட் ஏக்கராகக் குறைந்தது. இப்படிப்பட்ட கார்கள் பலவும் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. சும்மா கிடந்தால் டயாஃப்ரம் விறைத்துப்போகும், பாயின்ட் கெட்டுப்போகும்.

காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில், பேத்தி கல்யாணத்துக்காகத் தாத்தாவின் மைனரை எழுப்பினார்கள். பளபளவென்று பெயின்ட். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. புது பம்ப் வாங்கினார்கள். இல்லை. இன்னொன்று. ம்ஹூம். கடைசியில் ஒரு பழைய மேஸ்திரியைக் கூட்டிவந்தார்கள். பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து நேராகப் பம்ப்பின் உடம்பில் தொட்டார். டிக்டிக்டிக்!

"ரெண்டு பம்ப்பும் தேவலை தம்பி. பெயின்ட் மேல எர்த்தை முறுக்கினா கரண்ட் எப்படித் திரும்பி வரும்?"

எமரி பேப்பரை எடுத்து, எட்டணா அளவுக்குப் புது பெயின்ட்டைச் சுரண்டினார். பெயின்ட் அடித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரிஸ் மைனர் டிக்டிக் என்று ஆரம்பித்து, மெதுவாகி, நின்றது. மாப்பிள்ளை அழைப்புக்கு நேரம் இருந்தது.