வயதா, காலமா?



கல்லூரி வேலைக்காகப் பேத்தி கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் கணக்கெடுத்து வந்தாள். இருபது வயதுக்காரர்கள் எல்லாரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எழுபதைத் தாண்டியவர்களில் பலர் கைநாட்டு. "வயசானா எழுத்து மறந்துடுது தாத்தா. முதியோர் வகுப்பு நடத்துறது வீண்" என்றாள். அதையே முடிவாகவும் எழுதியிருந்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இளம் ஆசிரியனாக இதே பக்கம் வீடு வீடாகப் போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அறுபது தாண்டிய ஓர் ஆயாவிடம், "படிச்சது மறந்துபோச்சா?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடமே இல்லாத ஊர்ல எதைப் படிச்சு எதை மறக்கிறது?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

அவர் பிறந்தது 1920 வாக்கில். காமராசர் முதலமைச்சரானது 1954இல். ஊருக்கு ஊர் பள்ளிகளும் மதிய உணவும் அதற்குப் பிறகுதான் வந்தன. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982இல் வந்தது. ஆக, கணக்கில் தெரிந்த வித்தியாசம் வயதால் வந்ததல்ல, பிறந்த காலத்தால் வந்தது.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சான்று உண்டு. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம்மோடு சேர்ந்தது. அதற்கு முன் தெலுங்குப் பள்ளியில் படித்த பெரியவரிடம் "தமிழ் வாசிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் 'இல்லை' என்பார். அது மறதியா? எல்லை மாறியதன் விளைவு. அதனால்தான் மக்கள்தொகைக் கணக்கில் எந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தாலும் எழுத்தறிவு என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

வயதுதான் காரணமா என்று அறிய, அதே ஆட்களைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் ஷை என்ற உளவியலாளர் 1956இல் தொடங்கி அப்படித்தான் செய்தார். ஒரே நேரத்தில் இளையவரையும் முதியவரையும் ஒப்பிட்டபோது அறிவுத்திறன் சீக்கிரமே சரிவதாகத் தோன்றியது. அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது சரிவு தாமதமாகவே வந்தது.

பேத்தி அந்த முடிவை அடித்துவிட்டு, படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தாள்: "எந்த ஆண்டு பிறந்தீர்கள்? அப்போது ஊரில் பள்ளி இருந்ததா?"

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு, அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.