கடையம் அம்மாவின் கைக்கு எந்தத் துப்பாக்கி?

2019 ஆகஸ்ட், இரவு நேரம். கடையத்தை அடுத்த கல்யாணிபுரத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார் சண்முகவேல். எழுபதைத் தாண்டியவர். பின்பக்கமாக வந்த முகமூடிக்காரன் ஒருவன் துணியைப் போட்டு அவர் கழுத்தை இறுக்கினான். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி செந்தாமரை கையில் கிடைத்ததை எடுத்து வீசினார். முதலில் செருப்பு, அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி! அரிவாளோடு வந்த இரண்டு பேரும் ஓடியே போனார்கள். அம்மாவுக்குக் கையில் காயம். கழுத்துச் சங்கிலியும் போனது. அதே மாதம் சுதந்திர தின விழாவில் தம்பதிக்கு முதலமைச்சர் கையால் வீரதீர விருது கிடைத்தது.

கேமராவில் பதிவான அந்தக் காட்சியைப் பார்த்த பலருக்கும் தோன்றியிருக்கும்... 'அந்தம்மா கையில ஒரு துப்பாக்கி இருந்திருந்தா?'

இருந்திருந்தால், எந்தத் துப்பாக்கி? 'வீட்டுக்காரி கைக்கு வாட்டமா' என்பது பழைய வியாபாரம். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் 1902-லேயே 'லேடிஸ்மித்' என்று குட்டி ரிவால்வர் போட்டது. அது 1921 வரை ஓடியது. 1989-ல் அதே பெயரைத் தூசி தட்டி மறுபடி விற்றார்கள்.

நம்மூருக்கு அந்த யோசனை வந்தது 2014-ல். டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு, கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக் கிலோ. விலை 1,22,360 ரூபாய்! அன்றைய கணக்கில் ஐந்து பவுன் நகை வாங்கி மிச்சமும் பிடித்திருக்கலாம். பொருத்தமாக, அது வந்ததும் மெரூன் கலர் நகைப்பெட்டியில்தான்.

பெட்டி கிடக்கட்டும், கைக்கு வருவோம். எடை குறைந்தால் பெண்ணுக்குச் சுலபம் என்பது பாதி உண்மைதான். ஹேண்ட்பேக்கில் சுமக்கச் சுலபம், சரி. சுடும்போது கதை தலைகீழ். அதே தோட்டாவைச் சுட்டால், லேசான துப்பாக்கிதான் கையைப் பலமாக உதைக்கும். விசை இன்னொரு வில்லங்கம். மணிக்கட்டைத் திருகாமல் சுட்டுவிரல் விசையை எட்ட வேண்டும். குதிரையைப் பின்னுக்கு இழுத்து வைக்காமல் சுட்டால், ரிவால்வரின் விசையை நன்றாக அழுத்தி இழுக்க வேண்டியிருக்கும். மூட்டுவலிக்காரருக்குப் பெரும்பாடு! பிஸ்டலென்றால் விசை இளகியிருக்கலாம். ஆனால் முதல் தோட்டாவை ஏற்ற, ஸ்பிரிங்கை எதிர்த்து மேல்மூடியைப் பின்னுக்கு இழுக்கணும். கடைக்காரர் வர்ணித்து, கணவர் தலையாட்டி முடிகிற சமாசாரமா இது? பிடிக்கப்போகிற கைதான் பிடித்துப் பார்க்க வேண்டும்.

சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒன்று கிடையாது! பொண்டாட்டிக்குப் பிறந்தநாள் பரிசாக நீங்கள் வாங்கி நீட்டிவிட முடியாது. அவர் பெயரில் விண்ணப்பம் வேண்டும். 2016 விதிகள் வந்தபிறகு, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் அவரே பெற வேண்டும். வீட்டில் பத்திரமாகப் பூட்டியும் வைக்கணும்.

இத்தனையும் முடித்து, பீரோவில் நிர்பீக்கும் இருந்தது என்றே வையுங்கள். செந்தாமரை அம்மா வாசலுக்கு ஓடிவந்த வேகத்தில் சாவியை எங்கே தேடுவது? தேடி எடுத்துவிட்டார் என்றாலும், குறி யார் மேல்? திருடனுக்கு முன்னால் கழுத்து இறுகிக் கிடந்தவர் அவருடைய வீட்டுக்காரர். செருப்பு குறி தப்பி அவர்மேல் விழுந்தால் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.